நெப்போலியனின் வீழ்ச்சியும் அதை வரைந்தவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெப்போலியன் போனபார்ட் என்று பேச்செடுத்தால் வாட்டர்லூ, எல்பா, குள்ளமான உருவம், சீறி எழுந்த குதிரை என்று சில விஷயங்கள் உடனே வந்து விழும். அவற்றில் பாதி வரலாறு, மீதி ஓவியர்களின் கைவண்ணம். எது எது என்று பிரித்துப் பார்க்க உதவும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரு பேரரசரின் படம் முன்னால் வந்தால், அவருக்காகச் செத்தவர்கள் அதில் எங்கே இருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் தேடுவேன். கீழேயுள்ள பதில்களிலும் அந்தத் தேடல் இருக்கும்.

நெப்போலியனின் வீழ்ச்சி எப்போது தொடங்கியது?

முடிந்தது வாட்டர்லூவில். தொடங்கியது ஸ்பெயினில் என்பேன். 1808-ல் ஸ்பெயின் அரச குடும்பத்திடமிருந்து பதவியைப் பிடுங்கித் தன் அண்ணன் ஜோசப்பை அரியணையில் உட்கார வைத்தார். மக்கள் ஏற்கவில்லை. மறைந்திருந்து தாக்கும் சிறு குழுக்களின் போர் வருடக்கணக்கில் ஓயவில்லை; லட்சக்கணக்கான பிரெஞ்சு வீரர்கள் அங்கேயே முடங்கிப் போனார்கள்.

அந்தப் புண் ஆறுவதற்குள் ரஷ்யா மீது படையெடுத்தார். 1812 ஜூன் 24 அன்று நீமன் ஆற்றைக் கடக்கத் தொடங்கிய படையில், பின்னால் வந்து சேர்ந்தவர்களையும் கணக்கில் எடுத்தால், ஏறக்குறைய 6 லட்சம் பேர். அதில் பாதிப்பேர் பிரெஞ்சுக்காரர்களே அல்ல. போலந்துக்காரர், ஜெர்மானியர், இத்தாலியர் என்று அவர் பிடித்த நாடுகளெல்லாம் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. செப்டம்பர் 7-ல் நடந்த போரோடினோ சண்டையில் ஒரே நாளில் இரு தரப்பிலுமாகச் சுமார் 70,000 பேர் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து மாஸ்கோவுக்குள் நுழைந்தார். ஊர் காலியாக இருந்தது, அன்றிரவே பற்றி எரியத் தொடங்கியது. ஜார் மன்னர் அலெக்சாண்டர் சமாதானம் பேச வருவார் என்று ஐந்து வாரம் காத்திருந்தார். ஜார் பதிலே அனுப்பவில்லை. அக்டோபர் 19-ல் திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள்.

அவரைத் தோற்கடித்தது ரஷ்யக் குளிர்தானே?

குளிர் கொன்றது உண்மை. ஆனால் படையின் பெரும் பகுதி குளிர் வருவதற்கு முன்பே கரைந்துவிட்டது. கோடை வெயில், தீவனமில்லாமல் செத்த குதிரைகள், பேன் வழியாகப் பரவிய காய்ச்சல், வழியெங்கும் எரிக்கப்பட்ட கிராமங்கள், இத்தனையும் சேர்ந்து போரோடினோவுக்கு வந்து சேர்ந்த படையைச் சுமார் 1,30,000 பேராகச் சுருக்கியிருந்தன.

இதைப் புரிந்துகொள்ள ஒரு படம் போதும். ஷார்ல் ழோசப் மினார் என்ற ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869-ல், தன் 88-ஆம் வயதில், இந்தப் படையெடுப்பை ஒரே தாளில் வரைந்தார். படையை ஒரு பட்டையாகக் காட்டினார். ஒரு மில்லிமீட்டர் அகலம் என்றால் 10,000 பேர். நீமன் கரையில் 4,22,000 பேருடன் பழுப்பு நிறத்தில் தடித்துக் கிளம்பும் பட்டை, மாஸ்கோவில் 1,00,000 ஆகிறது. திரும்பும் வழியில் கறுப்பாகிறது. பெரெசினா ஆற்றைத் தொடும்போது 50,000. கடந்த பின் 28,000. கடைசியில் நீமனுக்குத் திரும்புவது 10,000 பேர், ஒரே ஒரு மில்லிமீட்டர். கீழே குளிரின் அளவும் குறித்திருக்கிறார். குதிரையும் இல்லை, கொடியும் இல்லை, பேரரசரின் முகமும் இல்லை. நெப்போலியனின் வீழ்ச்சியைப் பற்றிய மிக நேர்மையான சித்திரம் இதுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

2001-ல் லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது 3,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. மினாரின் கறுப்புப் பட்டை மெலிந்துகொண்டே போகும் இடம் அது.

ரஷ்யாவிலிருந்து வாட்டர்லூ வரை என்ன நடந்தது?

சுருக்கமாகச் சொல்கிறேன். 1813 அக்டோபரில் லைப்சிக் நகரருகே நான்கு நாள் நடந்த போரில் ஐரோப்பிய அரசுகள் ஒன்றுசேர்ந்து அவரை வீழ்த்தின. 1814 மார்ச் கடைசியில் பாரிஸ் சரணடைந்தது. ஏப்ரலில் ஃபோந்தேன்புளோ அரண்மனையில் பதவி விலகினார். விஷம் குடித்துச் சாகவும் முயன்றார், பிழைத்துவிட்டார். எல்பா தீவுக்கு அனுப்பினார்கள். 1815 பிப்ரவரி 26-ல் அங்கிருந்து தப்பி, மார்ச் 20-ல் மறுபடி பாரிஸ். ஜூன் 18, வாட்டர்லூ போரில் கடைசித் தோல்வி. ஜூலை 15-ல் பெல்லரஃபன் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிச் சரணடைந்தார். அங்கிருந்து தென் அட்லாண்டிக்கில் தன்னந்தனியாகக் கிடக்கும் செயின்ட் ஹெலினா தீவு. 1821 மே 5-ல் அங்கேயே இறந்தார். வயிற்றுப் புற்றுநோய் என்பதுதான் பெரும்பாலான மருத்துவர்களின் முடிவு.

இந்தக் கதைக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. எகிப்தில் இருந்தபோது, 1799 ஜனவரியில், திப்பு சுல்தானுக்கு நெப்போலியன் ஒரு கடிதம் எழுதினார். ஆங்கிலேயரிடமிருந்து உங்களை விடுவிக்க வருகிறேன் என்ற பொருளில் எழுதிய அந்தக் கடிதம் வழியிலேயே ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அதே வருடம் மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு கொல்லப்பட்டார். அந்த முற்றுகையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி என்ற அதிகாரிதான் பிற்பாடு வெலிங்டன் பிரபு ஆகி, வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர்.

அப்புறம் இன்னொன்று. வெல்லெஸ்லி 1805-ல் இந்தியாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் தங்கிப்போகும் செயின்ட் ஹெலினாவில் இறங்கி, பிரையர்ஸ் என்ற இடத்தில் தங்கினார். பத்து வருடம் கழித்துக் கைதியாக வந்த நெப்போலியனுக்கு, லாங்வுட் வீடு தயாராகும்வரை முதல் சில வாரங்கள் இடம் கொடுத்ததும் அதே பிரையர்ஸ்தான்.

சீறி எழுந்த குதிரை மேல் உட்கார்ந்து ஆல்ப்ஸ் மலையைக் கடந்தாரா?

இல்லை. 1800 மே மாதம், நல்ல வெயில் நாளில், வழிகாட்டி ஒருவர் முன்னே நடக்கக் கோவேறு கழுதை மேல் ஏறித்தான் கடந்தார். குதிரைப் படத்தை வரைந்தவர் ஜாக் லூயி டாவிட். கேட்டவர் ஸ்பெயின் அரசர் நான்காம் சார்லஸ், அதாவது எட்டே வருடத்தில் நெப்போலியன் யாரை அரியணையிலிருந்து இறக்கப் போகிறாரோ அவரது குடும்பத்தின் தலைவர். நெப்போலியன் ஓவியர் முன்னால் உட்காரவே மறுத்துவிட்டதால், டாவிட் தன் மகனை ஏணி மேல் ஏற்றி வைத்து வரைந்தார். கீழே பாறையில் போனபார்ட், அவருக்கு முன் ஆல்ப்ஸைக் கடந்த ஹானிபல், சார்லமேன் என்று மூன்று பெயர்கள் செதுக்கியிருக்கும். 1801-லிருந்து 1805-க்குள் இதே படம் ஐந்து முறை வரையப்பட்டது.

ஐம்பது வருடம் கழித்து போல் தெலாரோஷ் என்ற ஓவியர் அந்தக் கழுதையை வரைந்தார். சாம்பல் கோட்டு, குளிரில் ஒடுங்கிய முகம், களைத்த விலங்கு, அதை இழுத்துச் செல்லும் மலைநாட்டுக்காரர். இந்தப் படத்தின் ஒரு பிரதி லிவர்பூலில் இருக்கிறது. தோற்றுச் செத்த பிறகுதான் ஒருவரை இப்படி உள்ளபடி வரைய முடிகிறது.

முடிசூட்டு விழா ஓவியத்தில் உள்ளதெல்லாம் நடந்ததுதானா?

அதுவும் டாவிட் வரைந்ததுதான்; பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம் கொண்ட பிரம்மாண்டம். 1804 டிசம்பர் 2 விழாவுக்கு நெப்போலியனின் தாய் லெட்டிசியா வரவில்லை. படத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறார். திருத்தந்தை ஏழாம் பயஸின் கை மடியில் இருந்தது. ஆசி வழங்குவதுபோல் தூக்கி வரையச் சொன்னார்கள். பின்னால் வரைந்த இன்னொரு படத்திலிருந்து, மணமுறிவுக்குப் பிறகு, ஜோசஃபினையே டாவிட் அழிக்க நேர்ந்தது.

அவர் ஆட்சியில் இருந்தபோது செத்தவர்களை யாராவது வரைந்தார்களா?

வரைந்தார்கள், அரசே கேட்டு. 1807 பிப்ரவரியில் கிழக்குப் பிரஷ்யாவின் ஐலாவ் ஊரில், பனிப்புயலுக்கு நடுவே நடந்த போரில் எந்தப் பக்கமும் தெளிவாக வெல்லவில்லை. பிணங்கள் மட்டும் குவிந்தன. செய்தி பாரிஸை எட்டி மக்கள் கலங்கியதும், லூவர் அருங்காட்சியகத்தின் தலைவர் விவான் தெனோன் ஓர் ஓவியப் போட்டி அறிவித்தார். சண்டையை வரைய வேண்டாம். மறுநாள் பேரரசர் போர்க்களத்தைப் பார்வையிட்டு, எதிரியின் காயப்பட்டவர்களுக்கும் சிகிச்சை செய்யச் சொல்வதை வரைய வேண்டும் என்பது நிபந்தனை.

போட்டியில் வென்றவர் டாவிட்டின் மாணவர் அந்துவான் ழான் குரோ. நிபந்தனையை மீறவில்லை. நடுவில் நெப்போலியன் வெளிறிய முகத்தோடு, ஆசி கொடுப்பதுபோல் கையை நீட்டியபடி குதிரை மேல் இருக்கிறார். ஆனால் படத்தின் அடிப்பகுதியில், பார்ப்பவரின் காலடிக்கே வந்துவிடுவதுபோல், நிஜ மனிதரைவிடப் பெரிய அளவில் உறைந்த பிணங்களை வரைந்து வைத்தார். தோல் நீலம் பாய்ந்திருக்கிறது, துப்பாக்கிக் கத்தியில் பனி படிந்திருக்கிறது. ஏழு மீட்டருக்கு மேல் அகலமான அந்தப் படத்தின் முன்னால் நிற்பவரின் கண் முதலில் பேரரசரிடம் போவதில்லை. அரசாங்கம் கேட்டதையே கொடுத்துவிட்டு, அது கேட்காததையும் அதே படத்துக்குள் சொன்ன குரோவின் துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதே குரோ 1804-ல் வரைந்த யாஃபா (பாலஸ்தீனக் கடற்கரை ஊர்) ஓவியத்தை அப்படிச் சொல்ல முடியாது. பிளேக் நோயாளியின் கட்டியை நெப்போலியன் வெறும் கையால் தொடுகிறார், இயேசுவைப்போல. யாஃபாவில் சரணடைந்த ஆயிரக்கணக்கான கைதிகளைக் கொல்லச் சொன்னது அதே தளபதிதான். அதற்கு அந்தச் சட்டகத்துக்குள் இடமில்லை.

எதிரி நாட்டு ஓவியர்கள் அவரை எப்படிக் காட்டினார்கள்?

லண்டனில் ஜேம்ஸ் கில்ரே அவரைக் குட்டியாக்கினார். பெரிய தொப்பி, பெரிய பூட்ஸ், நடுவில் கோபத்தில் குதிக்கும் சின்ன உருவம். 1805-ல் வெளியான அவரது கேலிச்சித்திரத்தில், பிரிட்டிஷ் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் உலக உருண்டையை மேசையில் வைத்துக் கத்தியால் வெட்டித் தின்கிறார்கள். நெப்போலியன் குள்ளர் என்ற நம்பிக்கை பரவியதில் கில்ரேக்குப் பெரும்பங்கு உண்டு. உண்மையில் அவர் உயரம் சுமார் 168 செ.மீ., அக்காலப் பிரெஞ்சு ஆண்களின் சராசரிக்குக் குறைவில்லை. பழைய பிரெஞ்சு அளவில் 5 அடி 2 அங்குலம் என்று எழுதியதை ஆங்கில அளவாக எடுத்துக்கொண்டதும் குழப்பத்துக்கு ஒரு காரணம். கில்ரே 1815 ஜூன் 1-ல் இறந்தார். வாட்டர்லூவுக்கு இன்னும் 17 நாள் இருந்தது.

ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ கோயா செய்தது வேறு. 1808 மே 2-ல் மாட்ரிட் மக்கள் எழுந்தார்கள். விடிவதற்குள் பிடிபட்டவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கோயா 1814-ல் அதை வரைந்தார். தரையில் ஒரு லாந்தர். வெள்ளைச் சட்டைக்காரன் இரு கைகளையும் விரித்து மண்டியிட்டிருக்கிறான். எதிரே வரிசையாக நிற்கும் பிரெஞ்சு வீரர்களின் முதுகு மட்டும் தெரிகிறது, ஒரு முகம்கூட இல்லை. நெப்போலியன் படத்திலேயே கிடையாது. இருந்தும், அவரது ஆட்சி சாதாரண மனிதனுக்கு என்னவாக வந்து சேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் இந்தப் படத்தைத்தான் பார்க்க வேண்டும். போரின் கொடுமைகள் பற்றி அவர் செய்த செதுக்கோவியத் தொடர் அவர் உயிரோடு இருந்தவரை வெளிவரவில்லை, 1863-ல்தான் அச்சானது.

வீழ்ச்சியையே வரைந்த முக்கியமான ஓவியங்கள் எவை?

ஐந்தைச் சொல்வேன்.

தெலாரோஷ் 1840-ல் வரைந்தது: 1814 மார்ச் 31, ஃபோந்தேன்புளோ. பாரிஸ் கைவிட்டுப் போனது தெரிந்த நேரம். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்திருக்கிறார். பூட்ஸ் முழுக்கச் சேறு, தொப்பி தரையில், வயிறு தள்ளியிருக்கிறது, கண் நம்மைத் தாண்டி எங்கோ நிற்கிறது.

மெய்சோனியே 1864-ல் வரைந்தது: சேறும் பனியும் கலந்த பாதையில் வெள்ளைக் குதிரை மேல் நெப்போலியன், பின்னால் தூக்கக் கலக்கத்தில் தளபதிகள். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தப் படம் முக்கால் மீட்டர் அகலம்தான். 1890-ல் 8,50,000 பிராங்குக்கு விலைபோனது. தோற்ற அரசரின் துயரத்துக்குப் பணக்காரர்களிடம் அவ்வளவு மதிப்பு இருந்தது.

வில்லியம் க்வில்லர் ஆர்ச்சர்ட்சன் 1880-ல் வரைந்தது: பெல்லரஃபன் கப்பல் தளத்தில் தனியாக நின்று, பிரான்ஸ் கரை மறைவதைப் பார்க்கிறார். கூட வந்தவர்கள் தள்ளி நிற்கிறார்கள். நடுவில் வெறும் மரப்பலகைத் தளம். அந்த வெற்றிடத்தை வைத்தே ஓவியர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்.

டர்னர் 1842-ல் வரைந்தது: செயின்ட் ஹெலினாவில் இரத்தச் சிவப்பான அந்திவானம். பின்னால் காவலாளி. நெப்போலியன் தலை குனிந்து, பாறையில் ஒட்டிக்கிடக்கும் சிறு கடல் நத்தை ஒன்றைப் பார்க்கிறார். அன்றைய விமர்சகர்கள் கிண்டல் செய்தார்கள். எனக்கு இது ஆழமான படம். நாடுகளை விழுங்கியவர், கைதியாக நின்று, தன் ஓட்டுக்குள் சுதந்திரமாக வாழும் ஓர் உயிரைப் பார்க்கிறார்.

ஐந்தாவது ரஷ்ய ஓவியர் வெரெஷ்சாகின் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்த 1812 தொடர். பிர்ச் மரங்களுக்கு நடுவே பனிச்சாலையில் நெப்போலியன் கழி ஊன்றி நடந்து வருகிறார். காதை மூடும் கம்பளித் தொப்பி, ரோமக் கோட்டு. வழக்கமான சாம்பல் கோட்டையும் இருமுனைத் தொப்பியையும் காணோம், ஏனென்றால் அந்தக் குளிரில் அவை பயன்பட்டிருக்காது. சாலையோரம் கைவிடப்பட்ட பீரங்கிகளும் பனி மூடிய உடல்களும். முதல் நான்கு படங்களிலும் துக்கப்படுவது பேரரசர் மட்டுமே, நாமும் அவருக்காகவே துக்கப்படுகிறோம். இதில் அவர் பக்கத்திலேயே செத்தவர்களும் கிடக்கிறார்கள். அதனால்தான் என் வரிசையில் இது முதலில் வரும்.

வெரெஷ்சாகின் யார்?

போர்க்களங்களுக்கு நேரில் போய் வரைந்தவர். 1871-ல் மண்டையோடுகளைக் கோபுரமாகக் குவித்து ஓர் ஓவியம் வரைந்து, கடந்தகால, நிகழ்கால, வருங்காலப் பெரும் வெற்றி வீரர்கள் அனைவருக்கும் அதைச் சமர்ப்பிப்பதாகச் சட்டகத்தில் எழுதினார். இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். பிரிட்டிஷார் இந்தியர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடுவதை வரைந்தவரும் இவரே. 1904-ல் போர்ட் ஆர்தரில் ரஷ்யப் போர்க்கப்பல் மூழ்கியபோது அதில் இருந்த இவரும் இறந்தார்.

சிலைகளுக்கு என்ன ஆனது?

இத்தாலியச் சிற்பி கனோவா, நெப்போலியனை ரோமானியப் போர்க்கடவுள் மார்ஸ் உருவில், ஆடையில்லாமல், 3.45 மீட்டர் உயரத்தில் பளிங்கில் செதுக்கினார். 1811-ல் அதைப் பார்த்த நெப்போலியனுக்குப் பிடிக்கவில்லை; இவ்வளவு கட்டுமஸ்தான உடம்பா என்று கூச்சப்பட்டு, மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டாம் என்றார். வாட்டர்லூவுக்குப் பின் பிரிட்டிஷ் அரசு அதை 66,000 பிராங்குக்கு வாங்கி வெலிங்டனுக்குப் பரிசளித்தது. இன்றும் அவர் வீட்டு மாடிப்படி அருகே நிற்கிறது.

பாரிஸின் வாந்தோம் தூணின் கதை இன்னும் நீளமானது. எதிரியிடம் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி 1810-ல் எழுப்பினார்கள், உச்சியில் நெப்போலியன். 1814-ல் சிலையை இறக்கினார்கள். அந்த உலோகம் நான்காம் ஹென்றி அரசரின் சிலைக்குப் போனது. 1833-ல் புதுச் சிலை, 1863-ல் அதை மாற்றி இன்னொன்று. 1871 மே 16-ல், அப்போது நகரைக் கையில் வைத்திருந்த பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி அரசு தூணையே சாய்த்தது. கம்யூன் வீழ்ந்த பிறகு பழியை ஓவியர் கூர்பே மேல் போட்டு, தூணை மறுபடி நிறுத்தும் செலவாக 3,23,000 பிராங்கு கட்டச் சொன்னார்கள். இந்தச் செலவுக்குப் பயந்து முன்பே சுவிட்சர்லாந்துக்குப் போயிருந்தவர் 1877-ன் கடைசி நாளில் அங்கேயே இறந்தார். தூண் இன்றும் நிற்கிறது.

இசையில் எதைக் கேட்கலாம்?

பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனி. நெப்போலியன் பேரரசர் ஆகிறார் என்று கேள்விப்பட்டதும் அவருக்கான சமர்ப்பணத்தைப் பீத்தோவன் நீக்கினார். வியன்னாவில் உள்ள பிரதியில் பெயரைச் சுரண்டிய இடத்தில் தாள் ஓட்டையாகியிருக்கிறது. சைக்கோவ்ஸ்கியின் 1812 இசையும் பிரபலம், பீரங்கி வெடியோடு. அதில் வரும் ஜார் வாழ்த்துப்பாடல் 1812-ல் இல்லை, 1833-ல்தான் வந்தது.

அவரைப் புகழ்ந்து வரைந்த ஓவியர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள்?

டாவிட் 1816-ல் நாடு கடத்தப்பட்டு பிரஸ்ஸல்ஸில் வாழ்ந்து 1825-ல் இறந்தார். உடலைக்கூடப் பிரான்சுக்குள் விடவில்லை.

குரோவின் முடிவு மனசைப் பிசையும். பாரிஸ் பாந்தியோன் குவிமாட ஓவியத்தில் நெப்போலியனை வரைய 1811-ல் ஒப்பந்தமானார். 1814-ல் அந்த இடத்தில், நெப்போலியனுக்குப் பின் அரியணை ஏறிய பதினெட்டாம் லூயியை வைக்கச் சொன்னார்கள். எல்பாவிலிருந்து நெப்போலியன் திரும்பியதும் மறுபடி அவரே. வாட்டர்லூவுக்குப் பின் மறுபடி லூயி. ஐலாவ் பனியில் அந்தப் பிணங்களை வரைந்த கைக்கு அதன் பிறகு அந்த வேகம் வரவேயில்லை. 1835-ல் சேன் ஆற்றில் மூழ்கித் தற்கொலை செய்துகொண்டார்.

தோல்வி அவர் புகழைக் குறைத்ததா?

கூட்டியது. செயின்ட் ஹெலினாவில் அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிய நினைவுகள் ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டன. அவர் கல்லறைக் கல்லில் நெப்போலியன் என்று மட்டும் பொறிப்பதா, போனபார்ட்டும் வேண்டுமா என்று தகராறு வந்து, கடைசியில் பெயரே இல்லாமல் விட்டார்கள். 1840-ல் உடலைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார்கள். தெலாரோஷின் சோர்ந்த நெப்போலியனும் அதே வருடத்துப் படைப்புதான்.

பாரிஸின் அன்வாலிடில் உள்ள கல்லறையைச் சுற்றித் தரையில் எட்டுப் போர்களின் பெயர்கள் இருக்கின்றன. போரோடினோகூட மோஸ்கோவா என்ற பெயரில் வெற்றியாக இடம்பிடித்திருக்கிறது. லைப்சிக்கும் வாட்டர்லூவும் இல்லை.

இவற்றையெல்லாம் எங்கே பார்க்கலாம்?

குரோவின் ஐலாவ், யாஃபா இரண்டும், டாவிட்டின் முடிசூட்டு விழாவும் லூவரில். கோயாவின் மே ஓவியங்கள் மாட்ரிட் பிராடோவில். தெலாரோஷின் ஃபோந்தேன்புளோ படம் அன்வாலிடில் உள்ள இராணுவ அருங்காட்சியகத்திலும், இன்னொரு பிரதி லைப்சிக்கிலும். டர்னரும் ஆர்ச்சர்ட்சனும் லண்டன் டேட் தொகுப்பில். கனோவா சிலை ஹைட் பார்க் முனையில் உள்ள ஆப்ஸ்லி ஹவுஸில். வெரெஷ்சாகினின் 1812 தொடர் மாஸ்கோவில், செஞ்சதுக்கத்தில் உள்ள அரசு வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பயணம் போக வசதியில்லாதவர்கள் மினாரின் வரைபடத்தில் தொடங்கலாம். இணையத்தில் பெரிய அளவிலேயே கிடைக்கிறது. கையில் ஓர் அளவுகோல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.